சீட் துணிக்கு எது மேல், எது கீழ்?

பழைய கார் பகுதி: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சீட் பற்றியவைதான். ஸ்பிரிங், ஃபோம் கேள்விகளை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டு, துணியின் திசையில் சிக்கியவர்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: எங்கள் பிரீமியர் பத்மினிக்கு மெரூன் வெல்வெட்டில் சீட் மாற்றினோம். முன் பெஞ்ச் சீட்டின் சாய்மானத்தில் டிரைவர் பக்கப் பாதி வெளிறியும் மறுபாதி அடர்த்தியாகவும் தெரிகிறது. "ஒரே பீஸில் வெட்டியதுதான், வெளிச்சம் படுவதால் அப்படித் தெரிகிறது" என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– வாசகர், கோவை

பதில்: ஒரே பீஸாக இருக்கலாம். வெளிச்சம் என்பதும் பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை.

வெல்வெட்டின் முடி நேராக நிற்காது, துணியின் நீளவாக்கில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அது சாயும் திசையோடு சேர்ந்து பார்த்தால் முடியின் பக்கவாட்டில் ஒளி பட்டுத் திரும்பும், நிறம் வெளிறும். எதிர்த்திசையிலிருந்து பார்த்தால் முடிகளுக்கு நடுவே ஒளி அடங்கிவிடும், நிறம் கறுக்கும். உங்கள் சீட்டில் ஒரு பாதியைத் தலைகீழாக வைத்து வெட்டியிருக்கிறார்கள்.

ஏன் அப்படி வெட்டினார்கள் என்பதும் தெரிந்ததுதான். சாய்மானத்தின் பீஸ் மேலே குறுகல், கீழே அகலம். ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் அடுக்கினால் துணி மிச்சமாகும். பிளெயின் ரெக்சினில் அப்படி அடுக்கலாம். வெல்வெட், கார்டுராய் போல முடியுள்ள எந்தத் துணியிலும் கூடாது. பீஸ் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும், துணி கொஞ்சம் கூடுதலாகத்தான் செலவாகும்.

முடி எந்தப் பக்கம் சாய வேண்டும்? சாய்மானத்தில் மேலிருந்து கீழாக, உட்காரும் பகுதியில் பின்னிருந்து முன்னாக. தலைப்பக்கத்திலிருந்து கையை வழித்துக்கொண்டு வந்தால் முழங்கால் மடியும் விளிம்பு வரை எங்கும் சொரசொரப்பே தட்டக் கூடாது. குட்டை முடித் துணியில் கைக்குத் திசை பிடிபடாவிட்டால், மேஜையில் விரித்து ஒரு நாணயத்தை அதன்மேல் வைத்து, பக்கத்தில் விரலால் மெல்லத் தட்டுங்கள். முடி சாயும் பக்கமாக நாணயம் நகரும்.

நீராவி காட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். தலைகீழாக வெட்டியதை நீராவி திருப்பாது, அந்தப் பாதியைப் புதிதாக வெட்டித்தான் ஆக வேண்டும். அதே ரோலில் மிச்சம் இல்லையென்றால் சாய்மானத்தின் இரண்டு பாதியையும் சேர்த்து மாற்றுங்கள். வேறு லாட்டில் சாயம் சற்று மாறினாலும், அந்த வித்தியாசம் சாய்மானத்துக்கும் உட்காரும் பகுதிக்கும் இடையில்தான் விழும். அவை இரண்டும் வேறு கோணத்தில் இருப்பதால் எல்லாம் சரியாகத் தைத்த சீட்டிலேயே கொஞ்சம் நிறம் மாறித்தான் தெரியும், கண்ணுக்கு உறுத்தாது. ஒரே தளத்தில் அடுத்தடுத்து இருக்கும் பீஸ்கள் மாறுவதுதான் குற்றம்.

அடுத்த முறை கடையில் விடும்போது, வெட்டிய ஒவ்வொரு பீஸின் பின்பக்கமும் முடி சாயும் திசைக்குச் சாக்பீஸில் ஒரு அம்புக்குறி போடச் சொல்லுங்கள். தைக்கும் முன் பீஸ்களைத் தரையில் சீட் வரிசையிலேயே பரப்பி, பத்தடி தள்ளி நின்று வெயிலில் பாருங்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியாது.

கேள்வி: முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ வைத்திருக்கிறேன். நடுப்பட்டையில் சிவப்புக் கட்டம், ஓரங்கள் கறுப்பு. பழைய மாதிரியிலேயே புதிதாக நெய்த மறுநெசவுத் துணி 140 செ.மீ. அகலத்தில் கிடைக்கிறது, கட்டம் நீளத்திலும் அகலத்திலும் 16 செ.மீ.க்கு ஒருமுறை திரும்ப வருகிறது. தையல் விடுப்பு (தையலுக்கு வெளியே விடும் துணி) சேர்த்து முன் சீட்டின் உட்காரும் பட்டை 36 x 50, சாய்மானப் பட்டை 36 x 60. பின் சீட்டுக்கு முழு அகலத்தில் 55, 60 உயரங்களில் இரண்டு பீஸ். எத்தனை மீட்டர் வாங்குவது? கட்டத்தை எங்கே தொடங்குவது?
– வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: 1976-ல் அந்த வண்டி வந்தபோது, கட்டத் துணியையும் கோல்ஃப் பந்து வடிவ கியர் குமிழையும் அதற்குத் தந்தவர் ஃபோக்ஸ்வாகனின் வடிவமைப்பாளர் குன்ஹில்ட் லில்யக்விஸ்ட். வண்டியை விரும்புகிறவர்கள் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அந்தத் துணியைத்தான். ஒரு கோடு விலகினாலும் சொல்லிக் காட்டுவார்கள்.

முதலில் தொடக்கம். கட்டத்தில் கண்ணுக்குப் பளிச்சென்று விழும் கோடு ஒன்று இருக்கும், அதை முதன்மைக் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு பட்டையின் நட்டநடுவில் ஓட வேண்டும், அல்லது இரண்டு முதன்மைக் கோடுகளுக்குச் சரிபாதி இடம் நடுவில் வர வேண்டும். 36 செ.மீ. பட்டையில் கோட்டை நடுவில் வைத்தால் இருபுறமும் 16-வது செ.மீ.யில் அடுத்த கோடு வரும். விளிம்புக்கு மீதி 2 செ.மீ., அதில் தையல் 12 மி.மீ.யைத் தின்றுவிடும். கோடு கறுப்பு ஓரத்தை ஒட்டி, ஒரு பக்கம் முழுசாகவும் மறுபக்கம் பாதி மறைந்தும் நிற்கும் ஆபத்து உண்டு. இரண்டு கோடுகளை நடுவிலிருந்து 8 செ.மீ. தள்ளி இருபக்கமும் வைத்தால் ஓரத்தில் 10 செ.மீ. ஓய்வு கிடைக்கும். உங்கள் அளவுக்கு இரண்டாவதையே பரிந்துரைப்போம். ஆனால் பழைய சீட் உறை கையில் இருந்தால், அது எப்படி இருந்ததோ அப்படியே வையுங்கள். உரிக்கும் முன் நடுவில் ஒரு அளவு டேப்பை ஒட்டிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி அளவு. கட்டத் துணியில் பீஸின் நீளத்தை மட்டும் கூட்டிப் பயனில்லை. ஒவ்வொரு பீஸையும் 16-இன் அடுத்த மடங்குக்கு உயர்த்த வேண்டும். 50, 55, 60 மூன்றுமே 64 ஆகும். அகலத்திலும் அதே கதை, 36 என்பது 48 ஆகும். நடுக்கோடுகள் 48 செ.மீ. இடைவெளியில் மூன்று விழுந்தால் ஒரு வரிசையில் மூன்று பட்டை வெட்டலாம். அதற்கு முதல் பட்டையின் நடு, கரையிலிருந்து 18 முதல் 26 செ.மீ.க்குள் விழ வேண்டும். 18-க்குக் குறைந்தால் முதல் பட்டை கரையைத் தாண்டும், 26-க்கு மேல் போனால் மூன்றாவது பட்டை மறுகரையைத் தாண்டும். நடு வரக்கூடிய இடங்கள் 16 செ.மீ.க்கு ஒன்றுதான், ஆக வாய்ப்பு சரிபாதி. வாங்கும் முன் கரையிலிருந்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள்.

முன் சீட்டுகளின் நான்கு பட்டைக்கு எப்படியும் இரண்டு வரிசை, பின் சீட்டுக்கு இரண்டு வரிசை. நான்கு 64 சேர்ந்தால் 256 செ.மீ. கடையில் வெட்டிய முனை கட்டத்தின் எந்த இடத்தில் இருக்கும் என்று தெரியாது, அதற்காக ஒரு கட்டம் 16 செ.மீ. ஆக மொத்தம் 272. மூன்று பட்டை விழும் துணியாக இருந்தால் முன் வரிசைகளிலேயே உபரியாக இரண்டு பட்டை கிடைக்கும், 3 மீட்டர் போதும். இரண்டுதான் விழும் என்றால் உபரிக்கு இன்னொரு 64 சேர்த்து 3.5 மீட்டர் வாங்குங்கள். உபரி வேண்டாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மறுநெசவு அடுத்த தடவை அதே சிவப்பில் வரும் என்ற உத்தரவாதம் இல்லை.

பொருத்த வேண்டியவை எவை, விட்டுவிடலாம் என்பவை எவை? சாய்மானத்தின் நெடுக்குக் கோடுகள் உட்காரும் பட்டையில் அதே நேரில் தொடர வேண்டும், இது கட்டாயம். இடது, வலது சீட்டுகளின் கிடைக்கோடுகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், இதுவும் கட்டாயம். கண்ணாடி வழியே பார்த்தால் இரண்டு சாய்மானமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். சாய்மானமும் உட்காரும் பகுதியும் சேரும் பள்ளத்தில் கிடைக்கோடு தொடர வேண்டுமென்று மெனக்கெட வேண்டாம். அங்கே துணி உள்ளே மடிந்து போகிறது, ஆள் உட்கார்ந்ததும் அந்த இடம் நகர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. துணியின் பின்னால் மெல்லிய ஃபோம் ஒட்டி வந்திருந்தால், கிடைக்கோடுகள் கரைக்குச் செங்குத்தாக இருக்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். வெறும் துணி கோணியிருந்தால் மூலைக்கு மூலை இழுத்து நேராக்கலாம். ஃபோம் ஒட்டியபின் அது அசையாது. முழு அகலத்துக்கு 1 செ.மீ.க்கு மேல் சாய்ந்திருந்தால் திருப்பி அனுப்புவதே மேல்.

கேள்வி: சீட் கவர் தைக்கிறேன். கட்டங்களைக் கிளிப் போட்டுச் சரியாக வைத்துத்தான் தொடங்குகிறேன், தையல் முடியும் இடத்தில் மேல் துணி அரை விரல் நீண்டு நிற்கிறது. என்ன தவறு?
– வாசகர், திருப்பூர்

பதில்: தவறு கையில் இல்லை, மெஷினில். சாதாரண மெஷினில் கீழே உள்ள பல் கீழ்த் துணியைத்தான் நகர்த்துகிறது, மேல் துணியைக் கால் அழுத்திப் பிடித்து வைக்கிறது. ஒவ்வொரு தையலிலும் மயிரிழை பின்தங்கி, கடைசியில் அரை விரல் ஆகிறது. ஃபோம் ஒட்டிய துணியில் இது இன்னும் கூடும். மேல் காலும் ஊசியும் துணியோடு சேர்ந்து நடக்கும் வாக்கிங் ஃபுட் மெஷின்தான் இதற்குச் சரியான மருந்து. சீட் வேலை தொடர்ந்து செய்கிறீர்கள் என்றால் வாங்கிவிடுங்கள்.

அதுவரை கால் அழுத்தத்தைக் குறைத்து, தையல் நீளத்தை 4 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முதன்மைக் கோட்டிலும் தையல் விடுப்புக்குள் கையால் இரண்டு குத்து நூல் போட்டுக் கட்டிவிடுங்கள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை போகாமல், நடுவில் தொடங்கி ஒரு பக்கம், மீண்டும் நடுவிலிருந்து மறுபக்கம் தையுங்கள். ஒரே ஓட்டத்தில் தைக்கும் தூரம் பாதியானால் நழுவலும் பாதியாகும். இரண்டு கட்டப் பீஸ்களுக்கு நடுவே தனி நிறத்தில் பைப்பிங் (தையலில் வைக்கும் உருண்டை விளிம்பு) ஓடினால் 2 மி.மீ. பிழை கண்ணில் படாது. பைப்பிங்கை இழுத்துப் பிடித்துத் தைக்காதீர்கள். விட்டதும் அது சுருங்கித் துணியையும் சேர்த்துச் சுருக்கும், பிறகு கட்டம் எங்கிருந்து பொருந்தும்!

கேள்வி: அம்பாசிடர் பின் சீட்டுக்குக் கோடு போட்ட துணி வாங்கினேன். கோடு மேலும் கீழுமாக வர வேண்டும் என்று ஆசை. துணி அகலம் போதாது, ஒட்டுப் போட வேண்டும் என்கிறார்கள். படுக்கப் போட்டு வெட்டினால் ஒட்டே வராதாம். எது நல்லது?
– வாசகர், மதுரை

பதில்: ஒட்டுப் போடுங்கள். படுக்கப் போட்டால் கோடுகள் கதவிலிருந்து கதவுக்கு ஓடும். பெஞ்ச் சீட்டில் ஆள் உட்காரும் இரண்டு இடமும் நாளடைவில் கொஞ்சம் இறங்கும், அங்கே நேர்கோடு வளைந்து பள்ளத்தை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். மேலும் கீழுமான கோடு அதையே மறைக்கும். இன்னொன்று, துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அவ்வளவாக நெகிழாது, குறுக்கே ஓடும் ஊடைதான் நெகிழும். துணியை நாம் முன்னும் பின்னுமாக இழுத்துக் கம்பியில் மாட்டுகிறோம். அந்தத் திசையில் பாவு இருப்பதுதான் நெடுநாள் தொய்யாமல் நிற்கும்.

ஒட்டு நடுவில் வேண்டாம். ஒரு முழுப் பீஸ் நடுவில், இரண்டு ஓரத்திலும் சம அளவில் சிறு பீஸ்கள் என்று வையுங்கள். சீட்டின் அகலத்தோடு இரு ஓர மடிப்பையும் சேர்த்து 160 செ.மீ. வேண்டும், துணி 137 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், நடுப்பீஸைக் கரை தவிர்த்து 120-க்கு வெட்டி, ஓரங்களுக்குத் தலா 20 வைத்துத் தையல் விடுப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். தையல் கோட்டின் நடுவில் விழாமல் இரண்டு நிறம் சந்திக்கும் விளிம்பில் விழ வேண்டும். நடுப்பீஸ் அடர் நிறக் கோட்டில் முடிந்தால் ஓரப் பீஸ் வெளிர் நிறத்தில் தொடங்கட்டும். அந்த விளிம்பு வருமாறு 120-ஐ இரண்டு மூன்று செ.மீ. கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். சாய்மானத்திலும் ஒட்டு அதே கோட்டில் வந்தால், ஒட்டு இருப்பதே தெரியாது.

சாய்மானம் மேலே குறுகுவதால் ஓரக் கோடுகள் மேலே போகப் போக வெட்டுப்பட்டு மறையும். அதைத் தடுக்கத் துணியைச் சாய்த்துப் போடுவார்கள் சிலர். நடுக்கோடு நேராக இருந்தால் போதும், ஓரம் வெட்டுப்படட்டும்.

கேள்வி: எங்கட மொறிஸ் மைனர் காருக்கு ரெக்சினில் பழைய மாதிரியே நீட்டுப் பள்ளங்கள் வைத்துத் தைத்தோம். 2 அங்குலத்துக்கு ஒன்றாகப் பத்து வரி கீறி, 20 அங்குலம் வரும் என்று பார்த்தால் 18-தான் வந்தது. அடியில் அரை அங்குல ஃபோம் வைத்தோம். இனி என்ன செய்வது?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: நீங்கள் கீறியது தட்டையான அளவு. தைத்தபின் ரெக்சின் ஃபோமின் மேல் வளைந்து ஏறி இறங்குகிறது, அந்த வளைவுக்கான துணி அகலத்திலிருந்துதான் போகும். உங்களுக்கு வரிக்கு ஐந்தில் ஒரு அங்குலம் போயிருக்கிறது. ஃபோம் தடித்தால் இன்னும் போகும்.

அதனால் முதலில் மாதிரி தையுங்கள். அதே ரெக்சின், அதே ஃபோம், அடியில் அதே காடாத் துணி. ஐந்து வரி 10 அங்குலத்துக்குக் கீறித் தைத்து அளந்து பாருங்கள். 9 வந்தால், 2 அங்குல வரி வேண்டிய இடத்தில் 2 x 10 ÷ 9, அதாவது 2.2 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கீற வேண்டும். நான்கு பக்கமும் 2 அங்குலம் அதிகம் விட்ட செவ்வகத்தில் வரிகளைத் தைத்து முடித்தபின்தான் அச்சுத்தாளை மேலே வைத்து வெட்ட வேண்டும். முதலில் வடிவம் வெட்டிப் பிறகு வரி தைத்தால் இந்தப் பிரச்சினை எத்தனை முறை செய்தாலும் வரும். வெட்டும் முன் அச்சின் விளிம்புக்கு உள்ளே கால் அங்குலத்தில் சுற்றிலும் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வெட்டிய முனைகளில் வரித்தையல் பிரியும்.

பின்பக்கம் பின்னல் துணி உள்ள ரெக்சின் அகலவாக்கில்தான் அதிகம் இழுபடும். வரிகள் ரோலின் நீளத்தோடு ஓடட்டும். எல்லா வரியையும் ஒரே முனையிலிருந்து ஒரே திசையில் தையுங்கள். போன வரி மேலிருந்து, இந்த வரி கீழிருந்து என்று மாற்றி மாற்றித் தைத்தால் வரிகளுக்கு இடையே ரெக்சின் முறுகி, சாய்வாகச் சுருக்கம் விழும். இரட்டைப்படை வரி என்றால் சீட்டின் நடுவில் தையல் வரும், ஒற்றைப்படை என்றால் மேடு வரும். சாய்மானத்திலும் உட்காரும் பகுதியிலும் இது ஒத்திருக்க வேண்டும்.

தைத்த பீஸை எறிய வேண்டாம். இருபுறமும் ஒவ்வொரு அங்குலம் அகலமான ஓரப்பட்டை சேர்த்தால் பின் சீட்டின் சாய்மானத்துக்கு உதவலாம். முன் சீட்டுக்குப் புதிதாகத் தையுங்கள்.

கேள்வி: ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு, பழைய போர்ஷேக்களில் வந்த கறுப்பு வெள்ளை ஹவுண்ட்ஸ்டூத் (நாய்ப் பல் போல முனை நீண்ட சிறு கட்டம்) துணி போடுகிறேன். இடது சீட்டில் சாய்வு ஒரு பக்கமும் வலது சீட்டில் எதிர்ப்பக்கமும் வந்தால் அழகாக இருக்குமே, முடியுமா?
– வாசகர், சென்னை

பதில்: முடியாது என்றில்லை, வேண்டாம் என்போம். போர்ஷே பெபிட்டா என்று அழைக்கும் அந்தத் துணி, நான்கு கறுப்பு நான்கு வெள்ளை நூல்களாக, சாய்வுக் கோடு விழும் ட்வில் நெசவில் வருவது. ட்வில்லின் சாய்வை, துணியைத் தலைகீழாகத் திருப்பி மாற்ற முடியாது, அரைச் சுற்று திருப்பினாலும் சாய்வு அதே பக்கம்தான். கால் சுற்று திருப்பினால் மாறும், ஆனால் அப்போது ஒரு சீட்டில் பாவு முன்பின்னாகவும் மறுசீட்டில் குறுக்காகவும் நிற்கும். இரண்டும் வேறு வேறாகத் தொய்யும். இரண்டு சீட்டிலும் சாய்வு ஒரே பக்கம் இருப்பதே முறை.

சிறு கட்டம் என்பதால் பொருத்தம் பார்க்க வேண்டாம் என்று நினைக்காதீர்கள். விளிம்புத் தையலுக்கு இணையாகக் கட்ட வரிசை ஓடாவிட்டால் சீட்டே கோணலாகத் தைத்ததுபோல் இருக்கும். 1977-ல் வந்த போர்ஷே 928-இன் பாஷா துணி போல, கட்டம் பெரிதாகிச் சிறிதாகி வரும் வகை என்றால் வேலை இரட்டிப்பு. சிறிய கட்டம் விழும் இடம் எல்லா சீட்டிலும் ஒரே உயரத்தில் வர வேண்டும், துணியும் அதற்கேற்பக் கூடும்.

கேள்வி: கிரீம் நிற ரெக்சினின் பின்பக்கம் "மேல்" என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதினேன். மூன்று மாதம் கழித்து முன்பக்கம் நீலமாகத் தெரிகிறது. துடைத்தால் போகவில்லை.
– வாசகர், சேலம்

பதில்: போகாது. மை ரெக்சினின் பிளாஸ்டிக்குக்குள் ஊறி மேலே வந்துவிட்டது. அந்த பீஸை மாற்றத்தான் வேண்டும். இனி சாக்பீஸில் குறியுங்கள், அல்லது மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் பென்சிலில் எழுதி, தைத்ததும் உரித்துவிடுங்கள். பேனாவைக் கடையின் பில் புத்தகத்தோடு வையுங்கள்.